மலிவாடை மொழியில் வினைமுதல்: தில்லிச் சந்தையை முன்வைத்து ஒரு திறனாய்வு

0. முன்னுரை

தென் தில்லியிலுள்ள சரோஜினி நகர்ச் சந்தை குறைந்த விலை ஆடைகளுக்குப் பெயர் பெற்றது. அங்கு விற்பனையாகும் ஆடைகளுள் கணிசமான பகுதி 'எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ்', அதாவது ஏற்றுமதி மிச்சம், என்னும் பெயரால் வழங்குகிறது. அயல்நாட்டு வணிக நிறுவனங்களுக்கெனத் தைக்கப்பெற்று, எண்ணிக்கையில் மிகுந்தமையாலோ தையலில் பிழை நேர்ந்தமையாலோ கப்பலேறாது நின்றவை என்பது இப்பெயரின் பொருள். இத்தகைய ஆடைகள் பலவற்றில் கழுத்துப்புறத்துப் பெயர்ச்சீட்டு பாதியாக வெட்டப்பட்டிருக்கும். வாங்குவோர் அவ்வெட்டினையே ஆடையின் மெய்ம்மைக்குச் சான்றாகக் கொள்கின்றனர். திருப்பூரின் காதர்பேட்டைக் கடைகளில் இதே வகைச் சரக்கு 'செகண்ட்ஸ்' எனவும் 'எக்ஸ்போர்ட் சரக்கு' எனவும் வழங்குகிறது.

மலிவாடைத் தொழில் உழைப்போர்க்கும் நீர்நிலைகளுக்கும் விளைத்துவரும் கேடுகள் குறித்துப் பொருளியலாரும் சமூகவியலாரும் சூழலியலாரும் விரிவாக எழுதியுள்ளனர். அக்கேடுகளை எடுத்துரைக்கும் மொழி எத்தகையது என்பதும், ஆங்கிலத்திலிருந்தும் இந்தியிலிருந்தும் அம்மொழி தமிழுக்குப் பெயர்க்கப்படும்போது நிகழும் மாற்றங்கள் யாவை என்பதும் தனியே ஆராயத்தக்கன. பெயர்ச்சீட்டு, நன்னடத்தை விதி, சட்ட வரையறை, நீதிமன்ற ஆணை, செய்தி அறிக்கை ஆகிய ஐவகைப் பனுவல்களில் காணப்படும் சில சொற்களையும் தொடரமைப்புகளையும் இக்கட்டுரை திறனாய்வுக்கு உட்படுத்துகிறது. மலிவாடை மொழியில் தொடர்ந்து விடுபடும் உறுப்பு வினைமுதல் என்பதும், கவனமற்ற தமிழாக்கம் அவ்விடுபாட்டை மேலும் ஆழப்படுத்துகிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்.

1. ஆய்வுச் சட்டகம்

ஒரு தொழில் நிகழ்வதற்கு இன்றியமையாத கூறுகளாகத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் எட்டினைக் கூறுகிறது. வினை, அதனைச் செய்யும் வினைமுதல், வினைக்கு உட்படும் செயப்படுபொருள், நிகழும் இடம், நிகழும் காலம், துணையாகும் கருவி, இன்னார்க்கு என்னும் கொள்வோர் நிலை, விளையும் பயன் என அவற்றைத் தொகுத்துக் கொள்ளலாம். இருபதாம் நூற்றாண்டின் வேற்றுமை இலக்கணக் கோட்பாட்டினர் ஆழ்நிலைப் பங்கேற்பாளர் எனக் கொள்ளும் கூறுகளோடு இவ்வெட்டும் பெரிதும் ஒத்துச் செல்வதைத் தமிழ் மொழியியலார் அறிவர்.

செயப்படுபொருளையே வினைமுதல்போல் வைத்துக் கூறும் வழக்கினையும் தொல்காப்பியம் ஏற்றுக்கொள்கிறது. திண்ணையே தன்னை மெழுகிக்கொண்டது போலவும் கலமே தன்னைக் கழுவிக்கொண்டது போலவும் பேசும் முறைக்கு உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுத் தருகின்றனர். வீட்டுப் பேச்சில் இதனால் குழப்பம் எழுவதில்லை. திண்ணையை மெழுகியவர் யாரென்பது கேட்போர்க்குத் தெரியும். வினைமுதலைக் கேட்போர் அறிய இயலாத நிலையில் இவ்வழக்கு என்ன செய்கிறது என்பதே இங்கு எழும் வினா. தைத்தவர் ஓர் ஊரிலும் உடுத்துபவர் மற்றொரு கண்டத்திலும் இருக்கும் ஆடை வணிகம் இவ்வினாவுக்கு ஏற்ற களமாகும்.

2. 'மலிவு' என்னும் சொல்

'மலி' என்னும் வினையடிக்கு நிறைதல், பெருகுதல் என்பன அடிப்படைப் பொருள்கள். அதன்வழி வந்த 'மலிவு' முதலில் மிகுதியையும் பின்னர் மிகுதியால் உண்டாகும் விலைக்குறைவையும் குறித்தது. சரக்கு மலிந்தால் விலை மலியும் என்னும் சந்தைப் பட்டறிவு இப்பொருள் விரிவில் பொதிந்துள்ளது. பண்டைய சொல்லுக்கு இது பொருந்தும். விளைச்சல் மிகுந்த ஆண்டில் நெல் மலிவாவதை இச்சொல் சரியாகவே விளக்குகிறது.

மலிவாடை வணிகத்தில் காரண காரிய வரிசை தலைகீழாகிறது. இங்கு முதலில் முடிவாவது விலை. கடையில் இன்ன விலைக்கு விற்க வேண்டும் என்பதை வாங்கும் நிறுவனம் தீர்மானித்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு ஆலைக்குரிய விலையை அறிவிக்கிறது. அவ்விலைக்குள் நூல், சாயம், மின்சாரம், கூலி ஆகியவை அடங்க வேண்டும். பஞ்சின் விலையும் மின்கட்டணமும் ஆலை உரிமையாளரின் விருப்பத்துக்கு வளைவதில்லை. ஆகவே கூலியும் கழிவுநீர்ச் சுத்திகரிப்புச் செலவும் சுருங்குகின்றன. மலிவு என்பது இங்குப் பெருக்கத்தின் பயனாக அமையவில்லை. ஒருவர் குறித்த விலையைப் பலர் தாங்கியதன் பயனாக அமைகிறது. 'மலிவாயிற்று' என்னும் தன்வினை இதனை மறைக்கிறது. 'மலிவாக்கினர்' என்று சொன்னவுடன் யார், எதனைக் குறைத்து என்னும் வினாக்கள் எழுகின்றன.

'துரித உணவு' என்பதன் ஒப்புமையில் அமைந்த 'துரித நாகரிகம்', 'வேக ஆடை' முதலிய ஆக்கங்களும் இத்தகையனவே. வேகம் எனும் அடை ஆடைக்கு ஏற்றப்படுகிறது. உண்மையில் வேகப்படுத்தப்படுவது தைப்பவரின் கை. பாணி என்னும் பொருளில் முன்னர்ப் பரவலாக வழங்கிய 'மோஸ்தர்' என்னும் சொல் போர்த்துக்கீசிய மூலத்தது. மாதிரி என்பது அதன் முதற்பொருள். மாதிரியைக் காட்டிப் பின் தைத்துக் கொடுத்த தையற்காரரின் தொழில்முறை அச்சொல்லில் தங்கியிருந்தது. 'பேஷன்' அதன் இடத்தைப் பிடித்தபோது அந்நினைவும் வழக்கொழிந்தது.

இதற்கு மாறாக, துணியைக் குறித்த பழஞ்சொற்கள் பல ஆக்கத்தின் சுவட்டைத் தாங்கியுள்ளன. 'துணி', 'அறுவை' ஆகிய இரண்டும் வெட்டுதல், அறுத்தல் எனும் வினைகளிலிருந்து பிறந்தவை. தறியிலிருந்து அறுத்தெடுக்கும் செயல் பெயராயிற்று. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் சங்கப் புலவர் பெயர் இச்சொல்லைக் காத்து வைத்துள்ளது. 'கலிங்கம்' நெய்த நாட்டைச் சுட்டிற்று. வினையோ இடமோ பெயருக்குள் இருந்தமை இவற்றின் பொதுத்தன்மை.

3. பெயர்ச்சீட்டின் இலக்கணம்

இன்றைய ஆடையின் பெயர்ச்சீட்டு இடத்தை மட்டும் கூறுகிறது. 'இந்தியாவில் தயாரிக்கப்பட்டது' என்பது செயப்பாட்டு வினைத்தொடர். எட்டுக் கூறுகளுள் வினையும் இடமும் இதில் உள்ளன. செயப்படுபொருள் கையிலேயே இருப்பதால் சொல்லப்படவில்லை. வினைமுதல், காலம், கருவி, பயன் ஆகியன இல்லை. இன்னார்க்கு என்னும் கூறு மட்டும் வணிக நிறுவனத்தின் பெயராகப் பெரிய எழுத்தில் நிற்கிறது. செய்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் செய்வித்தவர் பெயர் நிற்கிறது எனலாம்.

திராவிட மொழிகளில் முறையான செயப்பாட்டு வினை இல்லையென்று கால்டுவெல் 1856இல் வெளியான தம் ஒப்பிலக்கணத்தில் கருதினார். 'படு' துணைவினை அமைப்பைப் பற்றிப் பின்வந்த அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், இருபதாம் நூற்றாண்டின் அலுவலகத் தமிழிலும் மொழிபெயர்ப்புத் தமிழிலும் இவ்வமைப்பு மிகுதியாகப் பரவியது என்பதில் ஐயமில்லை. 'ஆல்' உருபேற்ற வினைமுதலை ஏற்க இவ்வமைப்பில் இடமுண்டு. அவ்விடம் நிரப்பப்படாமல் விடுபடுவதே பெருவழக்கு.

தில்லிச் சந்தையில் வெட்டப்பட்டுக் கிடக்கும் பெயர்ச்சீட்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. வெட்டு விழுவது நிறுவனத்தின் பெயர்மீது. தன் பெயர் மலிவுச் சந்தையில் தோன்றக்கூடாது என்று நிறுவனம் கருதுவதால் 'இன்னார்க்கு' என்னும் கூறும் நீங்குகிறது. எஞ்சியிருப்பது யாரும் தைக்காத, யாருக்காகவும் தைக்கப்படாத ஓர் ஆடை. 'மிச்சம்' என்னும் சொல் அதற்குப் பொருத்தமாகவே அமைகிறது.

4. நன்னடத்தை விதிகளும் நிகழ்கால வினைமுற்றும்

1990களின் தொடக்கத்திலிருந்து மேனாட்டு வாங்குநர் நிறுவனங்கள் தமக்குச் சரக்கனுப்பும் ஆலைகளுக்கு நன்னடத்தை விதிகளை வகுக்கலாயின. இலண்டனில் 1998இல் தொடங்கப்பட்ட நெறிசார் வணிக முன்முயற்சி அமைப்பின் அடிப்படை விதித்தொகுப்பு அவற்றுள் பலராலும் பின்பற்றப்படுவது. அது ஒன்பது தலைப்புகளை உடையது. ஆலைச் சுவர்களில் தொழிலாளர் பார்வைக்கு ஒட்டப்படும் அறிவிப்புகள் பெரும்பாலும் இத்தகைய தொகுப்புகளின் மொழிபெயர்ப்பே.

இத்தொகுப்பின் தலைப்புத் தொடர்களை இலக்கண நோக்கில் காணும்போது இரு செய்திகள் புலனாகின்றன. முதலாவது, ஒன்பது தலைப்புகளுள் ஒன்றிலேனும் முதலாளியோ வாங்குநரோ எழுவாயாக வரவில்லை. வேலை விருப்பத்தின்பேரில் ஏற்கப்படுகிறது, வாழ்வூதியம் வழங்கப்படுகிறது, வேலைநேரம் மிகையாக இல்லை என்னும் போக்கில் அவை அமைந்துள்ளன. வழங்குவோரும் வேலைநேரத்தை முடிவு செய்வோரும் தொடருக்கு வெளியே நிற்கின்றனர்.

இரண்டாவது, இவற்றுட் பல ஆங்கிலத்தில் நிகழ்கால வினைமுற்றுகள். ஆங்கில விதி நூல்களில் நிகழ்காலம் நெறியைச் சுட்டவும் வரும்; படிப்போர் அதனை விதியாகவே உணர்வர். தமிழில் 'வாழ்வூதியம் வழங்கப்படுகிறது' என்பது நிகழ்ந்துகொண்டிருக்கும் ஒன்றை அறிவிக்கும் தொடரேயன்றி விதியன்று. ஆலைச் சுவரில் இத்தொடரைப் படிக்கும் தையற் தொழிலாளி அதனைத் தம் ஊதியம் பற்றிய கூற்றாகவே படிப்பார். அது பொய் என்று அவர் எண்ணுவதற்கு இடமுண்டு. தமக்கு உரிமை தரும் விதியொன்று அங்கு எழுதப்பட்டிருக்கிறது என்று எண்ணுவதற்கு இடமில்லை. சொல்லுக்குச் சொல் சரியாக அமைந்த மொழிபெயர்ப்பு விதியின் விதித்தன்மையையே இவ்வாறு அழித்துவிடுகிறது.

தமிழில் நெறியைச் சுட்ட வியங்கோளும் 'வேண்டும்', 'கூடாது' எனும் துணைவினைகளும் உள்ளன. 'நிர்வாகம் வாழ்வதற்குப் போதுமான ஊதியத்தை வழங்க வேண்டும்' என்றும் 'நிர்வாகம் அளவுக்கு மீறி வேலை வாங்கக் கூடாது' என்றும் பெயர்க்கலாம். 'வேலை வாங்கு' என்னும் கூட்டுவினை சிறப்பாகக் கருதத்தக்கது. வேலை செய்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர் என இருவரையும் அது ஒருங்கே தொடருக்குள் கொண்டுவருகிறது. தொழிலாளர் பேச்சில் இயல்பாக வழங்கும் இவ்வினையை மொழிபெயர்ப்புகள் கொச்சை எனக் கருதி விலக்குவது இழப்பாகும்.

5. வீட்டில் நடக்கும் வேலைக்குப் பெயர்

தில்லியின் சீலம்பூர், ஜாப்ராபாத் முதலிய பகுதிகளில் பெண்கள் பலர் வீட்டிலிருந்தபடியே ஆடை வேலை செய்கின்றனர். தைத்த ஆடையில் தொங்கும் நூல்முனைகளைக் கத்தரிப்பது அவற்றுள் ஒன்று. 'தாகா கட்டிங்' என்பது அங்கு அதன் பெயர். திருப்பூரில் இதே வேலை 'பிசிறு வெட்டுதல்' எனப்படும். ஒப்பந்தக்காரர் மூட்டையாகக் கொடுத்துச் செல்வார். கூலி உருப்படிக் கணக்கில் அமையும். கத்தரிக்கோலும் விளக்கொளியும் இருப்பிடமும் தொழிலாளியுடையவை. தொழிற்சாலையின் வாடகையும் மின்கட்டணமும் ஒரு பங்கு அவர் வீட்டுக்கு மாற்றப்படுகின்றன என்பதே இம்முறையின் பொருளியல்.

இவர்களைத் தமிழில் எப்பெயரால் அழைப்பது என்பதில் நீண்ட குழப்பம் உள்ளது. 'வீட்டுத் தொழிலாளர்', 'வீட்டுப் பணியாளர்', 'வீட்டு வேலைத் தொழிலாளர்' ஆகிய பெயர்கள் பிறர் வீட்டில் சமையல், துப்புரவு முதலியன செய்வோரையே முதலில் நினைவூட்டுகின்றன. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு இவ்விரு பிரிவினர்க்கும் வெவ்வேறு உடன்படிக்கைகளை வகுத்துள்ளது. தம் இருப்பிடத்தில் பிறருக்காகப் பொருள் செய்வோர்க்குரியது 1996ஆம் ஆண்டின் 177ஆம் உடன்படிக்கை; பிறர் இல்லத்தில் பணி செய்வோர்க்குரியது 2011ஆம் ஆண்டின் 189ஆம் உடன்படிக்கை. இரண்டையும் ஒரே தமிழ்த் தொடரால் பெயர்த்தால் எந்தச் சட்டம் யாருக்கு என்பது தெரியாமற் போகும். 'வீடுசார் தொழிலாளர்' என்னும் ஆக்கம் இவ்வேறுபாட்டைக் காக்கிறது. ஆயினும் அதிலும் இடம் மட்டுமே முன்னிறுத்தப்படுகிறது. வீடு என்னும் சொல் வேலையை இல்லறத்தின் ஒரு பகுதியாக்கி, ஓய்வுநேரக் கைவேலை போல் காட்டுகிறது.

2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 21.11.2025 முதல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தின் வரையறை இவ்வகையில் தெளிவானது. வேலையளிப்பவர் ஒருவருக்காக, அவருடைய பணியிடத்தில் அன்றித் தம் வீட்டிலோ தாம் தேர்ந்த வேறிடத்திலோ, ஊதியத்திற்குப் பொருளோ சேவையோ ஆக்குபவர் என்பது அதன் சாரம். கருவியும் மூலப்பொருளும் யாருடையவை என்பதை அது பொருட்படுத்தவில்லை. 'வேலையளிப்பவர் ஒருவருக்காக' என்னும் அடை இங்கு உயிர்நிலை. பெயரில் மறைந்த உறவு வரையறையில் மீள்கிறது. சுருக்கம் கருதி இவ்வடையை விடும் தமிழாக்கம் வரையறையையே விட்டதாகும்.

தில்லியில் 2007 அக்டோபரில் வெளிப்பட்ட நிகழ்ச்சி இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. கேப் நிறுவனத்தின் குழந்தையாடைகளுக்குத் தில்லிப் பட்டறையொன்றில் சிறுவர்கள் கைவேலைப்பாடு செய்துவந்ததை இலண்டனின் அப்சர்வர் இதழ் வெளியிட்டது. அனுமதியின்றித் துணை ஒப்பந்தம் விடப்பட்டதால் நேர்ந்தது என நிறுவனம் விளக்கமளித்து அவ்வாடையைத் திரும்பப் பெற்றது. 'துணை ஒப்பந்தம் விடப்பட்டது' என்னும் செயப்பாட்டுத் தொடரில் விட்டவர் இல்லை. குழந்தைகளின் உடுப்பைக் குழந்தைகள் பூவேலை செய்து முடித்தனர் என்னும் செய்வினைத் தொடர் அவ்விளக்கத்தில் இடம்பெற இயலாது. 'கைவினை', 'கைவேலைப்பாடு' ஆகிய சொற்களும் இங்கு ஆராயத்தக்கன. கை உண்டு, கைக்குரியவரின் வயது இல்லை.

6. 'சுமங்கலி': தமிழ்ச் சொல்லே திரையாதல்

மறைப்பு முழுவதும் ஆங்கிலத்திலிருந்து வருவதன்று. மேற்குத் தமிழ்நாட்டிலும் திண்டுக்கல் பகுதியிலும் நூற்பாலைகள் சில, இளம்பெண்களை ஏறத்தாழ மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் தங்க வைத்து வேலை வாங்கின. ஒப்பந்தம் நிறைவுற்றால் மட்டும் ஒரு தொகை மொத்தமாக வழங்கப்படும். 'சுமங்கலித் திட்டம்', 'திருமண உதவித் திட்டம்' என்னும் பெயர்கள் அதற்கு வழங்கின. நெதர்லாந்தின் சோமோ ஆய்வு நிறுவனமும் நெதர்லாந்து இந்தியக் குழுவும் 2011இலும் 2014இலும் வெளியிட்ட அறிக்கைகள் இதனை உலகறியச் செய்தன. இடையில் நோயுற்று வெளியேறியவர்கள் அத்தொகையை இழந்தமையும், வெளியே செல்லும் உரிமை கட்டுப்படுத்தப்பட்டமையும் அவற்றில் பதிவாகியுள்ளன.

பொருண்மையியல் நோக்கில், இங்குக் கூலி என்னும் செயப்படுபொருளின் இடத்தில் திருமணம் என்னும் பயன் வைக்கப்பட்டுள்ளது. மொத்தத் தொகை என்பது மாதந்தோறும் தரப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்ட ஊதியம். அதற்கு 'உதவி' என்று பெயரிட்டால் தருபவர் கொடையாளியாகிறார், பெறுபவர் கடன்பட்டவராகிறார். 'சுமங்கலி' என்னும் மங்கலச் சொல் பெற்றோரின் கவலையை நேரடியாகத் தொடுகிறது. வரதட்சணையை 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. அதற்கான சேமிப்பையே ஒரு வேலைத்திட்டத்தின் பெயர் மறைமுகமாக அறிவித்தது.

ஆங்கில அறிக்கைகள் இச்சொல்லை ஒலிபெயர்த்து, 'இனிதே மணவாழ்வு வாழும் பெண்' எனும் போக்கில் விளக்கம் தந்தன. அவ்வறிக்கைகள் மீண்டும் தமிழுக்கு வரும்போது மேற்கோள்குறிகூட இன்றிச் 'சுமங்கலித் திட்டம்' என்றே எழுதப்படுகிறது. ஆலை இட்ட பெயரைத் திறனாய்வாளரும் ஏற்றுக்கொண்ட நிலை இது. 'ஊதிய நிறுத்திவைப்பு ஒப்பந்தம்' என்று ஓரிடத்திலேனும் விளக்கி, பின்னர் வழக்குப் பெயரைக் கையாள்வது முறையாகும். 'கைமடி' முதலாகத் தொழிற்கூடத்தில் வழங்கும் பெயர்கள் செய்யும் செயலை உள்ளவாறு சுட்டுவதை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். தையற்காரரின் அருகிருந்து துணியை மடித்தும் எடுத்தும் தருபவர் கைமடி. தொழிலாளர் இட்ட பெயரில் வினை உள்ளது. விளம்பரம் இட்ட பெயரில் மங்கலம் உள்ளது.

7. ஆறு கெட்டதும் ஆற்றைக் கெடுத்ததும்

தமிழ் வினைகளிற் பல தன்வினை, பிறவினை இணைகளாக அமைந்துள்ளன. கெட்டது, கெடுத்தனர், பாய்ந்தது, பாய்ச்சினர், மாறியது, மாற்றினர். நொய்யல் ஆற்றைப் பற்றிய எழுத்துகளில் இவ்விணைகளுள் எது தெரிவு செய்யப்படுகிறது என்பது பொருள் வேறுபாட்டை உண்டாக்குகிறது.

திருப்பூரின் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் விட்ட கழிவுநீர் நொய்யலில் சேர்ந்தது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு பெருமளவு தேவைப்படுவதால் கழிவுநீர் உப்பு மிகுந்து வெளிப்படும். பாசனத்திற்கெனக் கட்டப்பட்டு 1990களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை இக்கழிவு தேங்கும் குளமாயிற்று. தண்ணீர் திறந்துவிடுங்கள் என்று கேட்பது உழவர் வழக்கம். இங்கோ திறந்துவிடாதீர்கள் என்று கேட்க நேர்ந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் கழிவுநீரை முற்றாக வெளியேற்றாத நிலையை எய்துமாறும், அதுவரை வெளியேற்றும் நீருக்குத் தண்டத்தொகை செலுத்துமாறும் பட்டறைகளுக்கு ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் 2009இல் அதனை உறுதி செய்தது. ஆணை நிறைவேறாமையால் 28.1.2011 அன்று சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

இந்நிகழ்வுகளைக் கூறும் தமிழ்த் தொடர்களில் மூன்று படிநிலைகள் உண்டு. 'பட்டறைகள் ஆற்றை மாசுபடுத்தின' என்பது வினைமுதலை வெளிப்படக் கூறுகிறது. 'ஆறு மாசுபடுத்தப்பட்டது' என்பதில் வினைமுதல் கூறப்படவில்லை. ஆயினும் 'யாரால்' என்னும் வினாவுக்கு இடம் உள்ளது. 'ஆறு மாசடைந்தது' என்பதில் அவ்விடமே இல்லை. ஆங்கிலச் செயப்பாட்டு வினையைத் தமிழாக்குவோர் பலர் 'படுத்தப்பட்டது' என்பதன் நீளத்துக்கு அஞ்சி 'அடைந்தது' என முடிக்கின்றனர். நடை எளிமையாகிறது, குற்றம் இயற்கை நிகழ்ச்சியாகிறது. மூலத்தில் திறந்திருந்த வெற்றிடத்தை மொழிபெயர்ப்பு மூடிவிடுகிறது.

சுத்திகரிப்பு முறைக்கு வழங்கும் 'பூஜ்ஜிய வெளியேற்றம்' என்னும் தொடரும் ஆய்வுக்குரியது. ஆங்கில மூலத்தில் 'திரவ' என்னும் அடை உண்டு. தமிழில் அது அடிக்கடி விடுபடுகிறது. அம்முறையில் வெளியேறாதது நீர் மட்டுமே. நீரைப் பிரித்து ஆவியாக்கிய பின்னர்க் கலப்பு உப்பும் கசடும் எஞ்சுகின்றன. அவை எங்கேனும் குவிந்தாக வேண்டும். அடை நீங்கினால் எதுவுமே எஞ்சுவதில்லை என்னும் பொருள் பிறக்கிறது. 'கழிவுநீர் வெளியேற்றாமை' என்னும் ஆக்கம் இப்பிழைக்கு இடந்தராது.

இதே சிக்கல் உயிரிழப்புச் செய்திகளிலும் காணப்படும். வங்கதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சாவரில் ராணா பிளாசா கட்டடம் 24.4.2013 அன்று இடிந்ததில் 1,134 பேர் மாண்டனர். முதல் நாளே சுவர்களில் விரிசல் கண்டு கட்டடத்தைவிட்டு வெளியேறிய ஆடைத் தொழிலாளர் மறுநாள் வேலைக்கு வரவழைக்கப்பட்டனர். 'கட்டடம் இடிந்து விழுந்தது' என்னும் தன்வினைத் தொடர் தவறன்று. அதனுடன் 'விரிசல் கண்ட கட்டடத்துள் தொழிலாளரை வரவழைத்தனர்' என்னும் பிறவினைத் தொடர் சேராவிடில் செய்தி முழுமை பெறாது.

8. கந்தல் மறுபடியும் நூலாகும் இடம்

தில்லிக்கு வடக்கே ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவிலுள்ள பானிப்பட் நகருக்கு மேனாடுகளில் கழிக்கப்பட்ட ஆடைகள் மூட்டைகளாக வந்து சேர்கின்றன. அவற்றை நிறவாரியாகப் பிரித்து, கிழித்து, இழையாக்கி, மீண்டும் நூற்றுக் கம்பளி நெய்கின்றனர். அந்நூலுக்கு அங்கு 'ஷாடி' என்றே பெயர். 1813இல் இங்கிலாந்தின் பேட்லி நகரில் தொடங்கியதாகக் கூறப்படும் மீள்நூற்புத் தொழிலின் பெயர் அது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் அத்துணியால் செய்த சீருடைகள் நைந்துபோனதால் ஆங்கிலத்தில் அச்சொல் தரக்குறைவைக் குறிக்கலாயிற்று. பானிப்பட்டில் அது தொழிற்பெயராகவே நிலைத்துள்ளது.

சுங்க வகைப்பாட்டில் உடுத்துக் கழித்த ஆடை ஓர் எண்ணிலும் கந்தல் மற்றோர் எண்ணிலும் அடங்கும். உடுத்தத்தக்க பழைய ஆடை உள்நாட்டில் விலைபோகாதபடி, வெட்டிச் சிதைத்த பின்னரே கந்தலாக ஏற்கப்படும். அதற்குரிய ஆங்கிலச் சொல் உடலுறுப்பைச் சிதைத்தலையும் குறிப்பது. 'சிதைதுணி' எனத் தமிழில் பெயர்க்கலாம். இங்கும் ஒரு வெட்டு பெயரிடலைத் தீர்மானிக்கிறது. சரோஜினி நகரில் பெயர்ச்சீட்டில் விழுந்த வெட்டு ஆடையை மிச்சமாக்கியது. இங்கு உடம்பில் விழும் வெட்டு அதனைக் கந்தலாக்குகிறது. மெக்னா குப்தாவின் 2012ஆம் ஆண்டு ஆவணப்படம் 'அன்ராவல்', இவ்வாடைகளைப் பிரிக்கும் பெண்கள் அவற்றை உடுத்தியோரைப் பற்றிக் கொள்ளும் வியப்பைப் பதிவு செய்துள்ளது. கிழிசலற்ற ஆடையை ஒருவர் ஏன் எறிய வேண்டும் என்பது அவர்கள் எதிர்கொள்ளும் புதிர்.

மேற்குத் தில்லியின் ரகுபீர் நகரில் பாத்திரத்துக்கு மாற்றாகப் பெறப்பட்ட பழந்துணிகள் விற்கப்படுகின்றன. தமிழ்நாட்டுத் தெருக்களில் பழைய சேலைக்கு எவர்சில்வர் பாத்திரம் தந்த வணிகத்தை இது ஒக்கும். கந்தலையும் கசக்கிக் கட்டச் சொன்ன பழமொழி தமிழில் உண்டு. அங்குக் கந்தல் என்பது நீண்டநாள் உடுத்தியதன் விளைவு. காலம் அச்சொல்லுள் இருந்தது. சில முறை உடுத்திக் கழித்த ஆடைக்கு அதே சொல்லை வழங்கும்போது காலம் என்னும் கூறு அதிலிருந்து நீங்குகிறது.

9. மறுப்பும் விடையும்

மூலத்தில் இல்லாத வினைமுதலை மொழிபெயர்ப்பாளர் புகுத்தலாமா என்னும் மறுப்பு இங்கு எழக்கூடும். புகுத்தலாகாது என்பதே விடை. ஒப்பந்தத்திலும் நீதிமன்ற ஆணையிலும் இல்லாத எழுவாயைச் சேர்ப்பது சட்டப் பொருளையே மாற்றிவிடும். ஆயினும் மூன்று நிலைகளை வேறுபடுத்திக் காண வேண்டும்.

வினைமுதல் அதே பனுவலின் வேறோரிடத்தில் வெளிப்படையாகக் கூறப்பட்டிருப்பின், தமிழ்த் தொடரில் அதனை மீட்டுத் தருவது மூலத்திற்கு உண்மையாக இருத்தலேயாகும். நன்னடத்தை விதிகள் இவ்வகையின. கடமை யாருடையது என்பது அவற்றின் முகவுரையிலேயே பெறப்படும். வினைமுதல் எங்கும் கூறப்படாமல் மறைக்கப்பட்டிருப்பின், செயப்பாட்டு வினையைச் செயப்பாட்டு வினையாகவே காத்தல் வேண்டும். தன்வினையாக்கி வெற்றிடத்தை மூடலாகாது. வினைமுதல் உண்மையிலேயே அறியப்படாததாயின் தன்வினை பொருந்தும். இம்மூன்றையும் ஒன்றாகக் கொண்டு எல்லாவற்றையும் 'ஆயிற்று', 'அடைந்தது', 'நேர்ந்தது' என முடிப்பதே குறை.

வினைமுதலை வெளிப்படக் கூறும் பனுவல் இத்துறையில் இயலாததன்று. திண்டுக்கல் ஒப்பந்தம் எனப்படும் 2022ஆம் ஆண்டின் உடன்பாடு இதற்குச் சான்று. ஆலையொன்றின் பெண் தொழிலாளி 2021இல் கொல்லப்பட்டதன் பின்னர், பாலினம் சார்ந்த வன்முறையையும் துன்புறுத்தலையும் ஒழிக்கும் நோக்குடன் அது உருவாயிற்று. தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் என்னும் தொழிற்சங்கமும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும் எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய வாங்குநரும் அதனுடன் தொடர்புடைய உடன்பாடுகளில் தத்தம் பெயரால் கையொப்பமிட்டனர். கடமைப்பட்டவர் யார் என்பதை அங்குக் கையொப்பமே கூறுகிறது. பெயர்ச்சீட்டில் விளம்பரமாக நின்ற பெயர் ஒப்பந்தத்தில் பொறுப்பேற்கும் எழுவாயாகிறது.

10. முடிவுரை

மலிவாடை மொழியைப் பற்றிய இத்திறனாய்வில் பெறப்படும் முடிவுகள் மூன்று. மலிவு, மிச்சம், கைவேலைப்பாடு, வீட்டு வேலை, சுமங்கலி ஆகிய சொற்கள் விலையைத் தாங்குவோரைக் காட்டாமல் இடத்தையோ பயனையோ முன்னிறுத்துகின்றன. செயப்பாட்டு வினையும் தன்வினையும் நிகழ்கால முற்றும் தமிழாக்கத்தில் ஆராயாது கையாளப்படும்போது விதி செய்தியாகவும் குற்றம் இயல்பாகவும் திரிகின்றன. பிசிறு வெட்டுதல், கைமடி, வேலை வாங்குதல் போன்ற தொழிற்கூட வழக்குகள் வினையையும் வினைமுதலையும் தெளிவாகச் சுட்டும் ஆற்றலுடையவை. கலைச்சொல்லாக்கத்தில் அவற்றிற்கு இடமளித்தல் வேண்டும்.

அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் 1961 முதல் தில்லியில் இயங்கி வருகிறது. தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ள இன்றைய நிலையில், ஆடைத் தொழிலுக்குரிய தமிழ்க் கலைச்சொற்கள் திருப்பூரிலும் ஈரோட்டிலும் திண்டுக்கல்லிலும் தொழில் செய்வோரிடமிருந்து திரட்டப்பட்டுச் சட்டத் தமிழோடு ஒப்புநோக்கப்பட வேண்டும். ஆலைச் சுவரில் ஒட்டப்படும் அறிவிப்பை முதலில் படித்துப் பார்க்க வேண்டியவர் தையல் எந்திரத்தின்முன் அமர்பவர். அதில் தமக்குரியது எது, அதனைத் தர வேண்டியவர் யார் என்னும் இரண்டும் அவருக்கு விளங்குமாயின் அம்மொழிபெயர்ப்பு நிறைவுடையது எனக் கொள்ளலாம்.